மாடிக்கு ஒரு மணி நேரம் இன்டர்நெட்

முப்பத்திரண்டு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் நான். அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பை ஒரு முறைப்பில் அடக்கியவள். ரிடையர் ஆன பிறகு என்னை அடக்க ஒரு கம்ப்யூட்டர் வந்து சேரும் என்று ஆண்டவர் ஒரு வார்த்தை முன்கூட்டிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இரண்டாயிரம் பிறந்திருந்த சமயம். பெங்களூரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று சாமி வந்த மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. வெளியூரிலிருந்து மூன்று வாரம், இரண்டு மாதம் என்று வேலைக்கு வருகிறவர்கள் ஓட்டல் சாப்பாடு அலுத்துப்போய், வீடு மாதிரி ஒரு இடம் கிடைக்காதா என்று அலைந்தார்கள். ரிச்சர்ட்ஸ் டவுனில் எங்கள் வீட்டு மாடி, மகள் கல்யாணமாகி மஸ்கட் போனதிலிருந்து சும்மாதான் கிடந்தது. "அப்படி வர்றவங்களுக்கு விடலாமே" என்றார் என் வீட்டுக்காரர். விதான சௌதாவில் ஆயுசு பூரா அரசாங்க ஃபைல் பார்த்த மனுஷன். ரிடையர் ஆனதும் பார்க்க ஃபைல் இல்லாமல் காலையிலிருந்து சாயங்காலம் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வேறு யாராவது வந்தால் என் மேலிருக்கிற பார்வை கொஞ்சம் நகரும் என்று நானும் சரி என்றேன்.

மாடியில் கட்டில், மெத்தை, கேஸ் அடுப்பு எல்லாம் இருந்தது. கூடவே அந்தக் கம்ப்யூட்டர். மருமகன் மஸ்கட் கிளம்பும் முன் வாங்கி ஹாலில் வைத்துவிட்டுப் போனது. "மம்மி, இதுல லெட்டர் அடிச்சா ஒரு நிமிஷத்துல எங்களுக்கு வந்துடும்" என்று எனக்குப் பாடமெல்லாம் எடுத்தார். எனக்கு எதற்கு அந்த அவசரம்? எனக்கு வேண்டியது குரல். என் மகளுக்குச் சளி பிடித்திருக்கிறதா, அழுதாளா, சாப்பிட்டாளா என்பதெல்லாம் அவள் சொல்லும் ஒரே ஒரு 'ஹலோ'வில் எனக்குத் தெரிந்துவிடும். அடித்த எழுத்தில் என்ன தெரியும், மண்ணாங்கட்டி? தூக்கி மாடியில் போட்டேன். வாசலில் ஒரு அட்டையும் தொங்கவிட்டோம். மாடி வாடகைக்கு, குறுகிய காலத்துக்கு மட்டும், இன்டர்நெட் வசதி உண்டு. அந்தக் கடைசி வரியை என் கையெழுத்தில், ஸ்கெட்ச் பேனாவால் அடிக்கோடு போட்டு எழுதினது சாட்சாத் நானேதான்.

இங்கே ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு ஒரே போன் லைன். கீழே ஹாலில் ஒரு போன், அதே ஒயரை மேலே இழுத்து மாடியில் ஒரு போன். மாடி முனையில்தான் கம்ப்யூட்டரும் சொருகியிருந்தது. மேலே இன்டர்நெட் ஓடினால் கீழே போன் பிணம். வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் 'எங்கேஜ்டு' சத்தம்தான். இது அட்டை எழுதின டீச்சரம்மாவுக்குத் தெரியாது. அடிக்கோடு போடத்தான் தெரியும்.

முதலில் வந்தவர் ஹுப்ளிக்காரர். தலையை நிமிர்த்திப் பேச மாட்டார், அவ்வளவு சாது. "அம்மா, ஸ்வல்ப மெயில் நோட்தீனி", கொஞ்சம் மெயில் பார்க்கிறேன் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு மேலே போவார். அந்த 'ஸ்வல்ப' மூன்று மணி நேரம் ஓடும். அடுத்து வந்த தம்பதி புனேக்காரர்கள். அவர்கள் ஊர் சினிமாச் செய்தியெல்லாம் இங்கே உட்கார்ந்து படிக்காவிட்டால் அவர்களுக்குச் சோறு இறங்காது. என் நாத்தனார் டேவிஸ் ரோட்டிலிருந்து நடந்தே வந்து, "என்ன அண்ணி, உங்க வீட்டுப் போனை யாராவது முழுங்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

வீட்டுக்காரர் உடனே நடவடிக்கை எடுத்தார். ஷிவாஜிநகர் போய், போன் டயலில் மாட்டுகிற குட்டிப் பூட்டு ஒன்றை வாங்கிவந்து, கீழே இருந்த போனில் மாட்டி, சாவியை இடுப்பில் சொருகிக்கொண்டார். "இனிமே எவன் டயல் பண்றான் பாக்கறேன்" என்றார். மேலே கம்ப்யூட்டர் பாட்டுக்குத் தானே டயல் பண்ணிக்கொண்டது. பூட்டினதில் அவதிப்பட்டது நான் ஒருத்திதான். கேஸ் சிலிண்டருக்குப் போன் பண்ண வேண்டுமென்றால்கூட அவர் தூங்கி எழும்வரை காத்திருக்க வேண்டும். எத்தனை அறிவு பாருங்கள்.

நான் வேறு வழி கண்டுபிடித்தேன். மேலே இன்டர்நெட் ஓடும்போது கீழே ரிசீவரைத் தூக்கினால் காதைக் கிழிக்கிற மாதிரி கரகரவென்று ஒரு சத்தம் வரும். ரெண்டு செகண்டு பிடித்திருந்தால் போதும், மேலே லைன் அறுந்துவிடும். உடனே மாடியில் நாற்காலி நகரும், 'ச்சே' என்று ஒரு குரல் கேட்கும். நான் படிக்கட்டருகே போய், "அடடா, நெட்ல இருந்தீங்களாப்பா? எனக்குத் தெரியாதேப்பா, ஸாரிப்பா" என்பேன். ஒரு நாளைக்கு நான்கு தடவை எனக்குத் தெரியாமலே இருந்தது. 'கூடாது' என்று நேராகச் சொல்வது நாகரிகமில்லை அல்லவா? அட்டையில் வேறு எழுதித் தொலைத்திருக்கிறதே.

நீலசந்திராவிலிருந்து வருகிற லைன்மேன்கூட ஒரு யோசனை சொன்னார். "மேடம், ஒரு சுவிட்ச் போட்டுடறேன். இப்படித் திருப்பினா கீழ, அப்படித் திருப்பினா மேல. கிரிகிரி, தகராறு இல்லாம முடிஞ்சுடும்" என்றார். வேண்டாம் என்றேன். சுவிட்ச் போட்டால் திருப்புகிறது நான்தான் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ரிசீவர் தவறிப்போய் எடுபடுவது வேறு. அது யார் மேலேயும் பழியில்லாத விபத்து.

இதெல்லாம் சிரிப்பாக இருந்தது மகள் மூன்றாம் தடவை உண்டாகும்வரைதான்.

முதல் இரண்டும் தங்கவில்லை. இரண்டாவது போனபோது அவள் இரண்டு மாதம் என்னோடு பேசவே இல்லை, போனை எடுத்தால் மூச்சு மட்டும் கேட்கும். மூன்றாவது தங்கியது. ஏழாம் மாதம் அழைத்துவந்து இங்கே பிரசவம் பார்க்கலாம் என்று கட்டிலெல்லாம் ஒதுக்கினேன். விமானமே ஏறக்கூடாது என்று அங்கே டாக்டரம்மா சொல்லிவிட்டாள். சரி, நான் போகிறேன் என்றால் எனக்குப் பாஸ்போர்ட் இல்லை. பிறந்ததிலிருந்து கோலாருக்கு அந்தப் பக்கம் போகாதவளுக்கு எதற்குப் பாஸ்போர்ட்? விண்ணப்பம் போட்டு, விசாரிக்க ஆள் வருவார் வருவார் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம். மருமகனுக்கு வேலை பாலைவனத்துக்குள்ளே எங்கேயோ, மூன்று வாரத்துக்கு ஒரு தடவைதான் வீடு. அவளுக்கு அங்கே இருந்த ஒரே துணை பக்கத்து வீட்டுக் கேரள நர்ஸம்மா.

"மம்மி, எனக்கு பயமா இருக்குது" என்றாள் ஒருநாள் போனில். என் மகள் பயம் என்று சொல்கிற ஜாதியில்லை.

"பயப்படாதே கண்ணு. வலி எடுத்தா உடனே போன் போடு. எந்நேரமா இருந்தாலும் நான் எடுப்பேன். முதல் மணிக்கே எடுப்பேன். பொறக்கற வரைக்கும் காதுல பேசிட்டே இருப்பேன், வெக்கவே மாட்டேன்."

"ப்ராமிஸ்?"

"ப்ராமிஸ்."

அன்றைக்கு மேல் அந்தப் போன்தான் எனக்குப் பீடம். மாடி வாசலில் டைம்டேபிள் ஒட்டினேன், ஸ்கூல் மாதிரியே பீரியட் பிரித்து. இன்டர்நெட் காலை ஆறிலிருந்து ஏழு வரை மட்டும். மஸ்கட்டில் அப்போது பொழுதே விடிந்திருக்காது, அவள் தூங்குவாள் என்று கணக்கு. ஏழாகி ஒரு நிமிஷம் ஆனால் கீழே ரிசீவர் விபத்துக்குள்ளாகும்.

அந்தச் சமயம் மாடிக்கு வந்தவர் மதுரைக்காரர். முப்பத்தைந்து வயசிருக்கும், மூன்று மாத வேலை. டைம்டேபிளைப் படித்தார், சிரிக்கவில்லை, அதிலேயே எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனால் மறுநாளே கீழே வந்து நின்றார்.

"ஆன்ட்டி, ஒரே ஒரு ரிக்வெஸ்ட். என் வொய்ஃப் சிங்கப்பூர்ல வேலை பாக்குறா. அவளுக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. காலைல ஒன்பது மணிக்கு ஒரு மணி நேரம் நெட்ல பேசிக்கறோம். அதுக்கு மட்டும் பெர்மிஷன் குடுங்க."

என் மகள் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டார்.

"அப்போ வேண்டாம் ஆன்ட்டி. பாப்பா பொறக்கட்டும்" என்றார். அதோடு விடவில்லை. "ஞாயித்துக்கிழமை நீங்க சர்ச்சுக்குப் போவீங்கல்ல, அந்த நேரம் போன் வந்தா? நான் மேலதான இருப்பேன், மேல போனும் அடிக்கும். எடுத்து, கட் பண்ண வேண்டாம்னு சொல்லிட்டு, ஓடி வந்து உங்களைக் கூட்டிட்டு வர்றேன். ரெண்டு தெருதான."

மகளிடமும் அப்படியே சொன்னேன். நான் எடுக்காவிட்டால் மாடியிலிருப்பவர் எடுப்பார், எனக்கு ஆள் வந்துவிடும் என்று. அவளுக்கு அது பெரிய தைரியம். "நல்லவரா இருக்காரே மம்மி" என்றாள்.

நல்லவர்தான். ஆனால் எனக்கு நல்லவர்களை நம்பிப் பழக்கமில்லை. வகுப்பில் முதல் பெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறவன்தான் பின்னால் சீட்டுக்கட்டு வைத்திருப்பான். நாங்கள் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து இவர் நெட்டில் பெண்டாட்டியோடு கொஞ்சிக்கொண்டிருந்தால்? இரண்டு ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்ததும் வராததுமாக, தண்ணீர் வருகிறதா என்று கேட்கிற சாக்கில் மேலே போய், கம்ப்யூட்டர் மண்டையில் கையை வைத்துப் பார்த்தேன். ஜுரம் பார்க்கிற மாதிரி. முதல் ஞாயிறு சில்லென்று இருந்தது. இரண்டாம் ஞாயிறு லேசாக வெதுவெதுப்பு. ஜன்னலோரம் வெயில் படுகிற இடம் அது. அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கணக்கு டீச்சர்!

மூன்றாம் ஞாயிறு. டாக்டர் சொன்ன தேதிக்கு இன்னும் பதினேழு நாள் இருந்தது. முந்தின ராத்திரிதான் மகள் நன்றாகப் பேசியிருந்தாள், இட்லி சாப்பிட்டேன் என்றாள். காலை எட்டரைக்கு நான் புடவை கட்டி, பைபிளை எடுத்துக்கொண்டு, ஹாலுக்கு வந்தேன். ரிசீவரைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தேன். அப்படி வைத்தால் மேலே டோனே வராது, கம்ப்யூட்டர் எத்தனை முட்டினாலும் இன்டர்நெட் கிடைக்காது. கொஞ்ச நேரத்தில் அது கீச்சென்று கத்த ஆரம்பிக்கும், அதற்காக ஒரு டர்க்கி டவலை நாலாக மடித்து மேலே போட்டேன்.

வீட்டுக்காரர் செருப்பை மாட்டிக்கொண்டே பார்த்தார். "பிள்ளை போன் பண்ணா?"

"இன்னும் பதினேழு நாள் இருக்குது. ரெண்டு மணி நேரத்துல வந்துடுவோம், வாங்க" என்றேன்.

ரெண்டு மணி நேரத்தில் வந்திருப்போம். ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அன்றைக்குத் தங்கள் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஒரு குடும்பத்தார் கையைப் பிடித்து இழுத்தார்கள். ஃப்ரேசர் டவுனில் சாப்பாடு, காரில் கொண்டுபோய் விடுகிறோம் என்றார்கள். பிரியாணி என்றார்கள். போனோம். பிரியாணி நன்றாகவே இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். ரிசீவர் என்று ஒரு பொருள் உலகத்தில் இருக்கிறதே எனக்கு ஞாபகமில்லை.

வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது நாலு மணி. ஹாலில் டவல் போட்டது போட்டபடி இருந்தது. ஓடிப்போய் ரிசீவரை எடுத்து வைத்தேன். கதவுச் சத்தம் கேட்டு மாடிக்காரர் இறங்கி வந்தார்.

"ஆன்ட்டி, காலைலேர்ந்து போன்ல டோனே இல்ல, கீழ வீடும் பூட்டியிருந்துச்சு. உங்க பொண்ணு கூப்பிட்டா என்ன பண்றதுன்னு பதினோரு மணிக்கு சர்ச்சுக்கே வந்தேன். நீங்க கிளம்பிட்டீங்கன்னாங்க. எங்க போனீங்கன்னு யாருக்கும் தெரியல." அவர் பார்வை டவலுக்குப் போனது, அப்புறம் என் முகத்துக்கு வந்தது. புரிந்துகொண்டார்.

நான் பதில் சொல்ல வாயைத் திறக்கும் முன் போன் அடித்தது. முதல் மணிக்கே எடுத்தேன்.

"மம்மி." அந்தக் குரலில் ஈரமே இல்லை. வறண்டு கிடந்தது. "பொண்ணு பொறந்துட்டா மம்மி. ரெண்டரை கிலோ. நல்லா இருக்கா."

ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று அழுகிறேன், சிரிக்கிறேன். அவள் அழவில்லை.

"காலைல ஆறரைக்கு வலி எடுத்துச்சு. நர்ஸக்கா மொபைல்ல போட்டுக்கிட்டே இருந்தேன் மம்மி. எங்கேஜ்டு. ஆம்புலன்ஸ்ல போட்டேன். எங்கேஜ்டு. லேபர் ரூம் வாசல் வரைக்கும் மொபைலைக் கையில வெச்சிருந்தேன், அவங்கதான் பிடுங்கி வெச்சாங்க. உள்ள போறப்ப இதுவும் போயிடும்னே நினைச்சேன் மம்மி. உன் குரல் ஒரு தடவை கேட்டா போதும்னு இருந்துச்சு."

அவள் ஊரில் ஆறரை என்றால் நமக்கு எட்டு மணி. எட்டு மணிக்கு அவள் கூப்பிடவில்லை. வலி ஒருவேளை சும்மா வந்து போகிறதோ என்று அரைமணி நேரம் எனக்குத் தொந்தரவு வேண்டாமென்று பொறுத்திருக்கிறாள், பைத்தியக்காரி. எட்டரைக்கு மேல்தான் போட்டிருக்கிறாள்.

"ஏன் மம்மி எங்கேஜ்டாவே இருந்துச்சு? மேல இருக்கறவர் நெட்ல இருந்தாரா?"

ஒரு வார்த்தை. 'இல்லை' என்று ஒரு வார்த்தை. விடைத்தாளில் தப்பு போட்டதற்காக எத்தனை பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். மாடிக்காரர் எனக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

"ஆமாம் கண்ணு" என்றேன். "அவருதான்."

வீட்டுக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"அவர்கிட்ட குடு மம்மி" என்றாள். அந்த வறண்ட குரல் இப்போது கத்தியது, அறை முழுக்கக் கேட்டது. "குடு, நான் கேக்கணும்!"

ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவரே கிட்டே வந்து, மெதுவாக என் கையிலிருந்து வாங்கினார். என் மகள் திட்டினதை எல்லாம் கேட்டார். இரண்டு நிமிஷம் இருக்கும். பிறகு சொன்னார்: "தப்புதாம்மா. மன்னிச்சிடுங்க. பாப்பாவுக்கு என் வாழ்த்து." திருப்பி என் கையில் கொடுத்துவிட்டு மாடிப்படி ஏறிப் போனார்.

சாயங்காலம் ஒரு தட்டில் கேசரியோடு மேலே போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். போய் நின்று, "தம்பி, இனிமே நீங்க தாராளமா நெட் பாருங்க, ஞாயித்துக்கிழமை பூரா பாருங்க" என்றேன். என் வாயில் வந்தது அவ்வளவுதான். பெரிய தாராளம்!

"வேண்டாம் ஆன்ட்டி. லைன் ஃப்ரீயா இருக்கட்டும். உங்க பொண்ணு கூப்பிடுவாங்க" என்றார். கேசரியை வாங்கிக்கொண்டார்.

இன்னும் பத்து வாரம் இருந்தார். ஒரு தடவைகூட அந்தக் கம்ப்யூட்டரைப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியோடு பேச கோல்ஸ் பார்க் பக்கம் ஒரு இன்டர்நெட் சென்டருக்கு நடந்து போவார். நாங்கள் சர்ச்சுக்குக் கிளம்புகிற அதே நேரம்தான். கேட் வரைக்கும் மூன்று பேரும் சேர்ந்து நடப்போம்.

பேத்திக்கு வருஷா வருஷம் பிறந்தநாள் வருகிறது. கேக் வெட்டினதும் என் மகள் அந்தக் கதையை ஆரம்பிப்பாள், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும். அவள் செத்துப் பிழைத்த அந்தக் காலையில், கொஞ்சமும் மனசாட்சி இல்லாமல் எங்கள் லைனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு மனுஷனைப் பற்றி. "நல்லவன்னு நம்பினோம் பாரு மம்மி" என்று என்னைப் பார்ப்பாள். ஆமாம் என்று நான் தலையை ஆட்டுகிறேன்.